ஆறு பேர் பார்த்த சீரியல்

வியாழக்கிழமை காலை பதினொன்றேகால் என்றால் அந்த அலுவலகத்தில் யாரும் தும்மக்கூட மாட்டார்கள். போன வாரம் எந்த சீரியலை எத்தனை பேர் பார்த்தார்கள் என்கிற பட்டியல் அப்போதுதான் வரும். பட்டியலைக் கையோடு கொண்டுவரும் சேனல்காரருக்கு அங்கே எல்லோரும் வைத்த பெயர் சதவீதம். மனிதரிடம் சாப்பாடு எப்படி என்று கேட்டாலே, "எழுபது பர்சன்ட் ஓகே" என்பார்.

அன்றைக்கு அவர் உட்காரக்கூட இல்லை.

"புள்ளி நாலு" என்றார்.

டைரக்டர் மேஜையைப் பார்த்தார். ரைட்டரம்மா ஜன்னலைப் பார்த்தாள். கதை, திரைக்கதை, வசனம் மூன்றும் அவள்தான். நாற்பத்து மூன்று வயதில், பதினொரு வருடம் பிறர் கதைகளுக்கு வசனம் எழுதிக் கை தேய்ந்த பிறகு, முதல்முறையாக அவளே யோசித்து, அவளே எழுதிய கதை. மத்தியானம் இரண்டரை மணிக்கு வரும்.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஐம்பத்திரண்டு வயதுப் பெண்ணொருத்தி, கணவன் உயிரோடிருந்தவரை தொடவே விடாத காரை, அவன் போன பிறகு ஓட்டக் கற்றுக்கொள்கிறாள். முதல் வாரத்தில் டிரைவிங் மாஸ்டரிடம் அவள் சொல்வாள்: "முப்பது வருஷம் பக்கத்து சீட்லயே உட்கார்ந்து வந்தேன் சார். இந்த ஊர்ல எல்லாத் தெருவும் எனக்கு இடது பக்கம் மட்டும்தான் தெரியும்." அந்த வசனத்தை எழுதிய அன்று ரைட்டரம்மாவுக்குச் சோறே இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

"ஏன் ஓடலைன்னு ஆளுக்கு ஒரு காரணம் சொல்லுங்க" என்றார் சதவீதம்.

கேட்டதுதான் தாமதம், காரணங்கள் வரிசை கட்டின. கதாநாயகிக்கு வயசு அதிகம் என்றார் டைரக்டர். கார் பச்சை நிறம், பச்சை ராசியில்லை என்றார் மேனேஜர். தலைப்புப் பாட்டில் தாளம் மந்தம் என்றார் எடிட்டர். தலைப்புப் பாட்டை எடிட் செய்தவரே அவர்தான்.

"எதிர் சேனல் இரட்டைப் பிறவிக் கதை நாலு புள்ளி ஒண்ணு. அதுல ஹீரோயினுக்கு வயசு அதிகமில்லையா? நாப்பத்தஞ்சு வயசுக்காரி ரெட்டை ஜடை போட்டுக்கிட்டு வர்றா. அது ஓடுது. ஏன்?" என்றாள் ரைட்டரம்மா.

"அது ஓடுது. அதனால ஓடுது" என்றார் சதவீதம். "நாலு வாரம் டைம். ஒண்ணைத் தொட்டா தொடரலாம். இல்லன்னா அந்தம்மா கத்துக்கிட்ட வரைக்கும் போதும், காரை ஷெட்டுல விடுங்க."

அவர் சொன்ன 'அந்தம்மா' கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கதாநாயகி. டீச்சரம்மா என்று கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடம் டீச்சராகவும், பக்கத்து வீட்டுக்காரியாகவும், சாவுச் செய்தி கொண்டுவரும் அத்தையாகவுமே நடித்துத் தீர்த்தவர். இந்த சீரியலில்தான் முதல்முறையாக அவர் பெயர் முதலில் வருகிறது. வேஷத்துக்காகவே நிஜமாக டிரைவிங் கற்று லைசென்ஸும் வாங்கியிருந்தார்.

"கவலைப்படாதீங்க, ரைட்டரம்மா. நமக்குத்தான் ரிவர்ஸும் தெரியுமே" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் ரைட்டரம்மாவால் முடியவில்லை.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் மனசு ஆறாமல் அக்கா வீட்டுக்குப் போனாள். படப்பிடிப்பு, எழுத்து என்று ஏழு மாதமாக அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

"வாடி, வழி மறந்து வந்துட்டியா?" என்றாள் அக்கா. பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். ஒரு மணிக்கு வீடு திரும்பிவிடுவாள். அத்தான் தொழிற்சாலையில். மாமனார் கூடத்துக் கட்டிலில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். மாமியார் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். பையனும் பெண்ணும் சிறப்பு வகுப்புக்கு.

டிவி ஓடிக்கொண்டிருந்தது. இரட்டைப் பிறவிக் கதையின் வாராந்தர மறு ஒளிபரப்பு.

ரைட்டரம்மாவுக்குச் சுரீரென்றது. அதைக்கூட முழுங்கியிருப்பாள். டிவிக்குப் பக்கத்தில் சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி இருந்தது. அதன்மேல் ஆறு பட்டன்களோடு ஒரு குட்டி ரிமோட். அக்கா அவசரமாக அதன்மேல் ஒரு துணியைப் போட்டாள்.

"அக்கா, அது என்ன?"

"எது?"

"நீ மூடின பிறகுதான் நல்லாத் தெரியுது. எடு."

அக்கா மாமனாரை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்கடி. யார் எதைப் பார்க்கறாங்கன்னு கணக்கெடுக்கற பெட்டி. டிவி முன்னாடி உட்கார்ந்தா அவங்கவங்க பட்டனை அமுக்கணும். எனக்கு ஒண்ணாம் நம்பர்."

ரைட்டரம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இந்த ஊர் மாதிரியான ஊர்களில் மொத்தம் முப்பத்தெட்டு வீட்டில்தான் பெட்டி இருக்கிறது என்று சதவீதம் ஒருமுறை டீ குடித்தபடி சொல்லியிருந்தார். அதிலும் மத்தியானம் இரண்டரைக்கு டிவி ஓடுகிற வீடு பத்துக்குள்தான். எந்த வீடு என்பது சேனல் முதலாளிக்கே தெரியாது. அந்தப் பத்தில் ஒன்று கூடப் பிறந்தவளின் வீடு.

"டிவியில வேலை செய்யற சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களான்னு கேட்டிருப்பாங்களே?"

"கேட்டாங்க. இருந்தா பெட்டி வைக்க மாட்டாங்களாம். மிக்ஸி வேற குடுக்கறேன்னாங்க. அதனால நீ எனக்குச் சொந்தமே இல்லன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"ஒரு மிக்ஸிக்கா?"

"மூணு ஜார்டி."

ரைட்டரம்மா சிரித்துவிட்டாள். சிரித்து முடிந்ததும் கேட்க வேண்டியதைக் கேட்டாள். "என் சீரியலை நீ பார்க்கறதே இல்லையாக்கா?"

அக்கா பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "நாலு நாள் பார்த்தேன். நல்லாத்தான்டி இருக்கு. அந்தம்மா மேட்டுல வண்டி நின்னுபோய் அழுதாளே, நானும் அழுதேன். மறுநாள் ஆபீஸ்ல போய்ச் சொன்னா ஒருத்தியும் பார்க்கல. 'அது எந்த சேனல்?'னு கேக்கறாளுங்க. நானே அழுது நானே மூக்கைச் சிந்தறதுக்கு எதுக்குடி டிவி? சும்மாவே அழலாமே."

"இரட்டைப் பிறவிக் கதை நல்லா இருக்கா?"

"கண்றாவி. அதான் வசதி. மறுநாள் நாலு பேரும் சேர்ந்து காலையில பத்து மணி வரைக்கும் திட்டலாம்."

அலுவலகத்தில் யாரும் சொல்லாத காரணத்தை அக்கா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே சொல்லிவிட்டாள். ஊரோடு ஒத்து வாழ் என்பது சீரியலுக்கும் பொருந்தும் போலிருக்கிறது. ஆனால் காரணம் தெரிந்து என்ன பயன்? நோய் தெரிந்தால் மருந்து கிடைத்துவிடுமா?

"அக்கா, ஒரே ஒரு வாரம். ரெண்டரைக்கு எங்க சேனலை வச்சு உன் பட்டனை அமுக்கு."

"தப்பாச்சேடி."

"தப்புதான்" என்றாள் ரைட்டரம்மா, அழுதுகொண்டே.

அக்கா முறத்தைக் கீழே வைத்தாள். தங்கை எதற்கும் கெஞ்சி அவள் பார்த்ததில்லை. "சரி போ. அழாதே. முகத்தைக் கழுவிட்டு வா, சாப்பிடலாம்."

அடுத்த வார எபிசோடுகளில் புதிதாக ஒன்றுமில்லை. ஒரே ஒரு காட்சியில் ஒரு டிராஃபிக் போலீஸ்காரன் விசில் ஊதி டீச்சரம்மாவின் காரை நிறுத்துவான். "லைசென்ஸ்?" என்பான். பார்த்துவிட்டு, "போங்கம்மா" என்பான். அவ்வளவுதான். அந்த வேஷத்துக்குப் புரொடக்‌ஷன் வேன் டிரைவரின் மைத்துனனைப் போட்டிருந்தார்கள். வாடகைக்கு வந்த யூனிஃபார்ம் அவனுக்குச் சரியாக இருந்தது என்பதுதான் அவன் தகுதி.

அந்த வாரத்துப் பட்டியல் வந்த வியாழக்கிழமை சதவீதம் ஓடி வந்தார். உண்மையாகவே ஓடி வந்தார்.

"ஒண்ணு புள்ளி எட்டு! யாரு பார்த்திருக்காங்க தெரியுமா? ஆம்பளைங்க!"

"மத்தியானம் ரெண்டரைக்கா?" என்றார் டைரக்டர்.

"அதான் சார் அதிசயம். காலேஜ் வயசுப் பையன், நாப்பது தாண்டினவன், அறுபது தாண்டின பெரிசு, மூணு தலைமுறை ஆம்பளை! வேலை வெட்டியை விட்டுட்டு உட்கார்ந்து பார்த்திருக்கான். பொம்பளைங்களும் கூடியிருக்காங்க, அது கிடக்கட்டும். போன வாரம் புதுசா என்ன வந்துச்சு? அதைச் சொல்லுங்க முதல்ல."

ரைட்டரம்மா விரல் விட்டு எண்ணினாள். காலேஜ் பையன், நாற்பது தாண்டியவர், அறுபது தாண்டியவர். அது மூன்று தலைமுறை இல்லை, அக்காவின் ரேஷன் கார்டு.

டைரக்டரும் எடிட்டரும் தலையைப் பிய்த்துக்கொண்டு எபிசோடுகளை மறுபடி ஓட்டினார்கள். இருபதாவது நிமிடத்தில் சதவீதம் கத்தினார்: "நிறுத்துங்க! போலீஸ்!"

திரையில் வேன் டிரைவரின் மைத்துனன் விசிலை வாயில் வைத்தபடி உறைந்து நின்றான்.

"இவன்தான் சார். ஆம்பளைங்க எதுக்கு உட்கார்ந்தாங்கன்னு இப்பத் தெரியுது. யூனிஃபார்ம், விசில், அதிகாரம்! என்ன ரைட்டரம்மா, பேசாம இருக்கீங்க? இவ்வளவு பெரிய ஹிட்டு குடுத்துட்டு?"

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்கள். இங்கே காக்கை உட்காரவே இல்லை. அக்கா மரத்தில் ஏறி ஆறு பழத்தையும் உலுக்கியிருக்கிறாள்.

வெளியே வந்து போன் போட்டாள். "அக்கா, எத்தனை பட்டனை அமுக்கினே?"

"ஆறும்தான். ஒரு பட்டனுக்கே நீ அந்த அழுகை அழுதே. செய்யறதைத் திருந்தச் செய்வோம்னுதான்."

"பசங்க காலேஜுலயும் ஸ்கூல்லயும் இருப்பாங்களேக்கா! உன் மாமியார் ஊர்லயே இல்ல. அத்தான்?"

"அவர் வீட்ல இருந்தாலும் எதையும் கண்ணெடுத்துப் பார்க்கறதில்ல. அவர் பட்டனாவது பார்க்கட்டும். ஏன்டி, நம்பர் வரலையா?"

"வந்திருக்கு."

"அப்புறம் என்ன? இந்த வாரத்தோட நிறுத்திடவா?"

நிறுத்து என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். நிறுத்தினால் புள்ளி நாலு. காரை ஷெட்டில் விட வேண்டியதுதான். உண்மையைச் சொன்னால் அக்காவுக்கு வில்லங்கம், தனக்கு வாழ்நாள் தடை. கதவுக்கு அந்தப் பக்கம் டீச்சரம்மா எல்லோருக்கும் தன் செலவில் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்திடாதேக்கா" என்றாள்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் வேகம். சேனல் தன் எல்லா நிகழ்ச்சிகளுக்கு நடுவிலும், 'ஆண்களும் பார்க்கும் ஒரே சீரியல்' என்று விளம்பரம் போட்டது. பஸ்களின் முதுகில் விசில்காரன் சிரித்தான். வேன் டிரைவரின் மைத்துனனுக்குத் தனி மேக்கப்மேன் வந்தான். மத்தியானம் இரண்டரையிலிருந்து சாயங்காலம் ஏழுக்கு மாற்றினார்கள். அந்த நேரத்தில் சுவரைக் காட்டினாலும் பத்துப் பேர் பார்ப்பார்கள்.

பத்திரிகைகளும் சும்மா இருக்கவில்லை. 'அம்மாவைக் கார் ஓட்ட விடாத மகன்களின் குற்ற உணர்ச்சியே இந்த வெற்றி' என்று ஒருவர் இரண்டு பக்கம் எழுதினார். 'இல்லை, அதிகாரத்தின் முன் கருணைக்கு ஏங்கும் ஆண் மனம்' என்று இன்னொருவர் மறுத்தார். நிருபர் ஒருத்தி ரைட்டரம்மாவிடம் போனில் கேட்டாள்: "மேடம், இந்த வெற்றியோட ரகசியம் என்ன?"

"மக்களோட நாடித்துடிப்பு" என்றாள் ரைட்டரம்மா. அச்சில் பார்த்தபோது அவளுக்கே அது உண்மை மாதிரிதான் தெரிந்தது.

இரண்டாவது மாதம் சதவீதம் புதிய கோரிக்கையோடு வந்தார். "அந்தம்மா வண்டியில ஏறி உட்கார்ந்தாலே கதை தூங்குது. ஒரு ஆக்சிடென்ட் வைங்க. கோமா. அந்தம்மா படுத்துட்டா விசில்காரன் சபதம் எடுப்பான், பழிவாங்கப் போவான். நாப்பது எபிசோடு நிக்காம ஓடும்."

"கதையே அவங்க கார் ஓட்டறதுதான் சார்."

"ஓட்டினாங்கல்ல? போதும்."

"ஒரு மாசம் பொறுங்க. அதுக்கு முன்னாடி சில கட்டம் எழுதியாகணும்" என்று ரைட்டரம்மா இழுத்தடித்தாள். அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. அக்கா வீட்டுப் பெட்டி என்றைக்காவது போகும். அன்றைக்கு நம்பர் தடாலென்று விழும். விசில்காரனால் ஒன்றும் ஓடவில்லை என்பது ஊருக்கே தெரிந்துவிடும். கொஞ்ச நாளாவது, முடியும்வரையாவது, டீச்சரம்மாவை மறுபடி ஸ்டீயரிங் முன்னால் உட்கார வைத்துவிடலாம். கதை செத்தாலும் தன் கதையாகச் சாகட்டும்.

அவள் நினைத்த மாதிரியே அக்காவிடமிருந்து போன் வந்தது. "பெட்டியைக் கழட்டிட்டுப் போயிட்டாங்கடி. வீட்டை மாத்திக்கிட்டே இருப்பாங்களாம்."

"மிக்ஸி?"

"அதை எப்படிக் கேப்பாங்க? ஒரு ஜார் உடைஞ்சே போச்சு."

அந்த வாரத்துப் பட்டியல் வரும் வியாழக்கிழமை ரைட்டரம்மா இரண்டு விதமான தாள்களோடு அலுவலகம் போனாள். பையின் ஒரு அறையில் கோமா. இன்னொன்றில் டீச்சரம்மா தனியாக, பக்கத்தில் மாஸ்டர் இல்லாமல், நகரத்தின் வலது பக்கத் தெருக்களைப் பார்த்துக்கொண்டே ஓட்டிப்போகும் காட்சி. ராத்திரி பகலாக எழுதியது.

பதினொன்றேகாலுக்குச் சதவீதம் வந்தார். இந்த முறை நிதானமாக உட்கார்ந்தார், காலை நீட்டிக்கொண்டார்.

"அஞ்சு புள்ளி ரெண்டு" என்றார். "இரட்டைப் பிறவி காலி."

ரைட்டரம்மா பட்டியலை வாங்கித் தானே பார்த்தாள். ஆண்கள் இருந்தார்கள். பெண்களும் இருந்தார்கள், குழந்தைகள்கூட இருந்தார்கள். அக்காவின் பெட்டி இல்லாமல், யாரும் யார் பட்டனையும் அமுக்காமல், நிஜமான மனிதர்கள் நிஜமாகவே பார்த்திருந்தார்கள். எல்லோரும் பார்க்கிறார்கள் என்று சொன்னதால் எல்லோரும் பார்த்திருந்தார்கள். அவள் சொன்ன பொய்யை ஊரே சேர்ந்து உண்மையாக்கிக் கையில் கொடுத்துவிட்டது. இனி அதை யாரிடம் போய் ஒப்புக்கொள்வது?

"கோமா எழுதிட்டீங்களா?" என்றார் சதவீதம்.

பையின் எந்த அறையில் கை விட்டாள் என்று கேட்க வேண்டியதில்லை.

டீச்சரம்மாவிடம் அவளே போய்ச் சொன்னாள். அவர், "கோமாவுல எனக்கு வசனம் எத்தனை பக்கம்?" என்று கேட்டார்.

"மூச்சு மட்டும்தான்மா."

"ஸ்கூல் டீச்சரா வந்தப்பவாவது 'எல்லாரும் உட்காருங்க'ன்னு சொல்லுவேன்" என்றார். "பரவாயில்ல. எழுந்திருப்பேன்ல?"

"நிச்சயமா" என்றாள் ரைட்டரம்மா.

விபத்து எபிசோடு வந்த மறுநாள் அக்காவிடமிருந்து போன். குரலில் அப்படியொரு குதூகலம். "பெட்டி இல்லாமலே பார்க்கறேன்டி! ஆபீஸ்ல எல்லாரும் உன்னதுதான். என் தங்கச்சிதான் எழுதறான்னு சொன்னேன், ஒருத்தியும் நம்பல. இப்பத்தான்டி உனக்கு எழுத வந்திருக்கு. முன்னாடியெல்லாம் கொஞ்சம் இழுவைதான், மனசுல வச்சுக்காதே."

"நீ அழுதேன்னு சொன்னியே. அந்த மேட்டுல வண்டி நின்னப்ப."

"எந்த மேடு?" என்றாள் அக்கா. பிறகு, "ஏன்டி, ஒண்ணு மட்டும் சொல்லு. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அந்தக் கிழவி எழுந்திருப்பாளா? எழுந்திருக்க வேணாம்டி, கதை நல்லாப் போயிட்டிருக்கு."

அன்று மத்தியானம் ஆஸ்பத்திரி செட்டில் படப்பிடிப்பு. டீச்சரம்மா கட்டிலில் படுத்திருந்தார், மூக்கில் பிளாஸ்டிக் குழாய். விசில்காரன் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ரைட்டரம்மா எழுதிய சபதத்தை மூன்றாவது தடவையாகத் தப்பாகச் சொன்னான்.

"கட்" என்றார் டைரக்டர். "டீச்சரம்மா, இமை ஆடுது."

"சாரி" என்றார் டீச்சரம்மா, கண்ணைத் திறக்காமலே.

நான்காவது தடவை அவன் சரியாகச் சொன்னான். சொல்லிக்கொண்டிருக்கும்போதே டீச்சரம்மாவின் மூடிய கண்ணிலிருந்து ஒரு சொட்டு வழிந்து காதுக்குள் இறங்கியது. யாரும் எழுதாத சொட்டு. மானிட்டருக்குப் பின்னால் நின்ற ரைட்டரம்மாவுக்கு அது எதற்கு வந்தது என்று தெரியும்.

"கட், கட்! கோமாவுல கண்ணீர் வராதும்மா" என்றார் டைரக்டர்.

"இருக்கட்டும் சார்!" பின்னாலிருந்து சதவீதம் பாய்ந்து வந்தார். "தொடைச்சுடாதீங்க! அப்படியே குளோஸப் போடுங்க. போன வாரம் கண்ணீருக்கு நல்ல நம்பர் வந்திருக்கு." அவர் ரைட்டரம்மாவின் பக்கம் திரும்பினார். "மேடம், இதை எத்தனை எபிசோடுக்கு இழுக்கலாம்?"

ரைட்டரம்மா பேனாவை எடுத்தாள்.

"நாலு" என்றாள்.